யாத்திரையில் எல்லாரையும் பேசவிட்ட கவிஞர்

ஜெஃப்ரி சாஸரைப் பற்றி இங்கிலாந்தின் அரசாங்க ஏடுகளிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் சிதறிக் கிடந்த குறிப்புகளையெல்லாம் பல தலைமுறை அறிஞர்கள் தேடித் திரட்டி, ஏறக்குறைய ஐந்நூறு ஆவணங்களாகத் தொகுத்து, 1966-ஆம் ஆண்டு ஒரு கனத்த கிரந்தமாக வெளியிட்டார்கள். இளவரசர் வீட்டில் ஊழியம் பார்த்த பையனாக, பிரான்ஸில் சிறைப்பட்டுப் பணம் கொடுத்து மீட்கப்பட்ட போர்வீரராக, இத்தாலிக்குச் சென்று வந்த ராஜாங்கத் தூதராக, லண்டன் துறைமுகத்தின் சுங்கக் கணக்கராக, பாராளுமன்ற அங்கத்தினராக, அரண்மனைக் கட்டட வேலைகளின் மேற்பார்வையாளராக, வழிப்பறிக்காரரிடம் பணத்தைப் பறிகொடுத்தவராக, கடன் வழக்கில் பிரதிவாதியாக அவரை நாம் அந்த ஏடுகளில் காண்கிறோம். ஆனால் அவர் கவிதை எழுதுகிறவர் என்று சொல்லும் ஒரு வாக்கியத்தையேனும் அவற்றுள் காண முடியாது.

ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று பிற்காலத்தார் கொண்டாடிய ஒருவருக்கு நேர்ந்த இந்த விசித்திரம் முதலில் எனக்கு ஒரு வேடிக்கையாகவே பட்டது. அவருடைய கதைகளை ஒவ்வொன்றாக வாசித்து வர வர, இப்படி மறைந்து நிற்பது அவருடைய சுபாவத்துக்கும் கலைக்கும் மிகவும் பொருத்தமானதே என்ற எண்ணம் வலுப்பட்டது. ஏனெனில் தம்முடைய மகா கிரந்தமாகிய காண்டர்பரி கதைகளிலும் சாஸர் இதே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்: முப்பது பேர் கூடிய கூட்டத்தில் எல்லாரையும் பேசவிட்டு, தாம் மட்டும் ஓரமாக, தரையைப் பார்த்துக்கொண்டு, குதிரைமேல் வந்துகொண்டிருக்கிறார்.

நம் நாட்டில் முதுகலை வகுப்பில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் பலருக்குச் சாஸர் என்றால் பொது முகவுரை ஒன்றுதான். மடத்துத் துறவியின் பளபளக்கும் வழுக்கைத் தலை, கன்னிமாடத் தலைவி உதட்டில் எண்ணெய்ப் பசை ஒட்டாமல் உண்ணும் நாகரிகம், மாவு ஆலைக்காரன் மூக்கின்மேல் இருந்த மரு, பாத் நகரத்துப் பெண்மணியின் சிவப்புக் காலுறையும் பல்லிடுக்கும் என்று ஒவ்வொன்றையும் குறிப்பெடுத்து, பதினான்காம் நூற்றாண்டு ஆங்கில சமுதாயத்தின் சித்திரசாலை என்ற தலைப்பில் பரீட்சைக்குக் கட்டுரை எழுதிய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த 858 அடிகளின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் முகவுரையோடு படிப்பு நின்றுவிடுமானால், ஒரு விருந்துக்குப் போய், வந்தவர்களின் முகங்களையும் உடுப்புகளையும் பார்த்துவிட்டு, அவர்கள் பேச வாயெடுத்த சமயத்தில் எழுந்து வந்துவிட்டவர்களாகவே நாம் ஆவோம். சாஸரின் மேதை முழுமையாக வெளிப்படுவது அவர்கள் பேசத் தொடங்கிய பிறகுதான் என்பது என் அபிப்பிராயம். அதை இயன்றவரை விளக்கிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மனிதரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1340-களின் தொடக்கத்தில், லண்டனில், திராட்சை மது வியாபாரம் செய்த ஒரு செல்வரின் மகனாகப் பிறந்த சாஸர், 1357-இல் மூன்றாம் எட்வர்டு மன்னரின் மகனான லயனலின் மனைவி, அல்ஸ்டர் சீமாட்டியின் மாளிகையில் ஊழியராக இருந்ததை அங்கே எழுதப்பட்ட ஒரு செலவுக் கணக்கிலிருந்து அறிகிறோம். 1359-இல் மன்னரின் சேனையோடு பிரான்ஸுக்குச் சென்று ரேம்ஸ் நகரத்துப் பக்கத்தில் எதிரிகளிடம் அகப்பட்டுக்கொண்ட அவரை மீட்பதற்காக, அடுத்த ஆண்டு மன்னர் தம் கருவூலத்திலிருந்து 16 பவுன் கொடுத்தார். 1372-73-இல் ஜெனோவாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும், 1378-இல் லம்பார்டிக்கும் ராஜாங்கக் காரியமாகப் பிரயாணம் செய்தார். 1374-இல், இங்கிலாந்தின் செல்வத்துக்கெல்லாம் ஊற்றாயிருந்த கம்பளியும் தோலும் கப்பலேறும் லண்டன் துறைமுகத்தில் சுங்கக் கணக்கு மேற்பார்வை உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. கணக்கைத் தம் கைப்படவே எழுதவேண்டும் என்பது அந்த உத்தியோகத்தின் நிபந்தனை. அதே ஆண்டில் நகரத்தின் கோட்டைவாசல்களில் ஒன்றான ஆல்ட்கேட்டின் மேல்மாடி அவருக்குக் குடியிருப்பாயிற்று.

பகலெல்லாம் வியாபாரிகளோடும் மாலுமிகளோடும் சுமைக்காரரோடும் பழகி, கம்பளி மூட்டைகளைக் கணக்கெழுதிவிட்டு, மாலையில் வாசல்மேல் இருந்த அறைக்கு ஏறிப்போய் லத்தீனும் பிரெஞ்சும் இத்தாலியமும் கலந்த புத்தகங்களின் நடுவே கண் மங்கும்வரை உட்கார்ந்திருந்தார் இந்த மனிதர். இதை அவரே தம் கனவுக் காவியமொன்றில், தம்மை வானத்தில் தூக்கிச் செல்லும் ஒரு கழுகின் வாயில் வைத்து, அக்கம்பக்கத்தார் செய்தியைக்கூட அறியாத புத்தகப் பைத்தியமென்று தம்மைப் பரிகசிக்கச் செய்கிறார். கழுகின் குற்றச்சாட்டை முழுவதும் நம்பவேண்டியதில்லை. மனிதர் பேச்சை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருந்த ஒருவரால்தான் பின்னால் அந்த யாத்திரைக் கூட்டத்தை எழுதியிருக்க முடியும்.

அவர் எழுதிய பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரண்மனையின் நாகரிக பாஷை பிரெஞ்சு. திருச்சபைக்கும் சாஸ்திரங்களுக்கும் உரிய பாஷை லத்தீன். ஆங்கிலமோ வீட்டிலும் சந்தையிலும் புழங்கியது. 1362-இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்கவேண்டுமென்று சட்டம் பிறந்ததிலிருந்து காற்று திசைமாறத் தொடங்கியிருந்ததென்பது மெய்தான். ஆனாலும் சாஸரின் நண்பரான ஜான் கவர், எது நிலைக்குமோ என்று சந்தேகித்தவரைப்போலப் பிரெஞ்சில் ஒன்றும் லத்தீனில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக மூன்று பெரிய நூல்களைச் செய்து வைத்தார். சாஸர் ஆங்கிலத்திலேயே நின்றார். 1391-இல், தம் பத்து வயது மகன் லூயிஸுக்காக, வானியல் கருவியாகிய ஆஸ்ட்ரோலேபைக் கையாளும் முறையை விளக்கி ஓர் உரைநடை நூல் எழுதியபோதும், லத்தீன் அதிகம் அறியாத குழந்தைக்கு அதன் மொழியிலேயே சொல்வதில் குறைவொன்றுமில்லை என்றே அவர் கருதினார்.

இனி யாத்திரைக்கு வருவோம். காண்டர்பரிப் பேராலயத்தில் 1170 டிசம்பர் 29-ஆம் நாள் இரண்டாம் ஹென்றி மன்னரின் வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்ட தாமஸ் பெக்கெட் என்ற தலைமைக் குரு, மூன்றே ஆண்டுகளில் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார். அவருடைய சமாதிக்கு இங்கிலாந்தின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகளும் பக்தர்களும், பக்தியை முன்னிட்டு ஊர் சுற்ற விரும்பியவர்களும் வந்து குவிந்தார்கள். 1538-இல் எட்டாம் ஹென்றி அந்தச் சமாதியை இடித்து அதன் பொன்னையும் மணிகளையும் வண்டியேற்றிச் செல்லும்வரையில் அந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. சாஸரின் முகவுரையோ அந்தக் கூட்டத்தை உடனே காட்டுவதில்லை. பங்குனியின் வறட்சியைத் துளைத்துக்கொண்டு வேருக்கு இறங்கும் மழையில் தொடங்கி, கொடியின் நரம்புகளில் ஏறும் சாற்றுக்கும், தளிரைத் தொடும் மேல்காற்றுக்கும், மேஷராசியில் பாதிவழி ஓடிவிட்ட இளஞ்சூரியனுக்கும், இரவு முழுதும் கண்விழித்தபடி உறங்கும் சிறு பறவைகளுக்கும் போய், அதன் பிறகே மனிதரின் யாத்திரை ஆசைக்கு வந்து, நோயில் தமக்கு உதவிய புனிதரின் சந்நிதியில் முடியும் பதினெட்டு அடி நீளமுள்ள அந்த ஒற்றை வாக்கியத்தில், மண்ணிலிருந்து மோட்சம்வரைக்கும் ஒரே உயிர்ப்பாக ஏறிவிடுகிறார். இவ்வளவு பெரிய ஆரம்பத்துக்குப் பிறகு நாம் போய்ச் சேருவது ஒரு மதுக்கடை விடுதி. சாஸரின் ஹாஸ்யம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

லண்டனுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கு அக்கரையிலுள்ள சதர்க்கில், டாபர்ட் என்ற விடுதியில் அந்தக் கூட்டம் இரவு தங்குகிறது. விடுதிக்காரன் ஹாரி பெய்லி, உரத்த குரலும் தாராள மனமும் படைத்தவன், ஒரு பந்தயம் கூறுகிறான்: சுமார் அறுபது மைல் தூரமுள்ள வழியில் போகும்போது இரண்டு, திரும்பும்போது இரண்டு என்று ஒவ்வொருவரும் நான்கு கதைகள் சொல்லவேண்டும், நல்லுபதேசமும் இன்பமும் மிகுந்த கதையைச் சொன்னவருக்கு மற்றவர்கள் சேர்ந்து அதே விடுதியில் விருந்து வைக்கவேண்டும், நடுவராகத் தானும் கூட வருவான். கணக்குப்படி நூற்றிருபது கதைகளாவது வந்திருக்கவேண்டும். நமக்குக் கிடைத்திருப்பவை 24. அவற்றுள்ளும் சில பாதியில் நிற்கின்றன. சிலவற்றைக் கேட்க மாட்டோமென்று கூட்டத்தாரே நிறுத்திவிடுகிறார்கள்.

கதைக்குள் கதை வைக்கும் சம்பிரதாயம் சாஸர் கண்டுபிடித்ததன்று. அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் இத்தாலியில் பொக்காச்சியோ, கொள்ளைநோய்க்கு அஞ்சி ஃபிளாரன்ஸை விட்டு வெளியேறிய பத்து இளைஞர்களையும் யுவதிகளையும் ஒரு தோட்டத்தில் உட்கார வைத்து நூறு கதைகள் சொல்ல வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒரே குலத்தவர். ஒரே விதமான இனிய பேச்சுடையவர். அவர்களில் ஒருவர் சொன்ன கதையை மற்றொருவர் சொன்னதாக மாற்றிவிட்டாலும் பெரும்பாலும் நஷ்டமில்லை. சாஸரின் கூட்டத்தில் சிலுவைப் போர்களில் அடிபட்ட வீரப்பிரபுவும், உழவனும், கப்பலோட்டியும், வைத்தியரும், சட்ட நிபுணரும், சமையற்காரனும், திருச்சபையின் பெயரால் ஊரைச் சுரண்டும் இரண்டொரு கயவரும், ஏழைப் பங்குக்குரு ஒருவரும் இருக்கிறார்கள். இங்கே கதையை மாற்றிவிட முடியாது. ஒவ்வொரு கதையும் அதைச் சொல்பவனுடைய மேனியின் வாசனையோடு வருகிறது.

எடுத்த எடுப்பிலேயே இது தெரிந்துவிடுகிறது. சீட்டுப் போட்டுப் பார்த்ததில் முதல் முறை வீரப்பிரபுவுக்கு விழ, அவர் ஒரே பெண்ணை விரும்பிய இரண்டு ராஜகுமாரர்களின் கதையை, கம்பீரமாக, தேவதைகளும் போர்ப்பந்தயமும் மரணமும் விவாகமும் கூடிய ஒரு காவியமாகச் சொல்லி முடிக்கிறார். அந்தஸ்தின் வரிசைப்படி அடுத்தபடியாக மடத்துத் துறவியை அழைக்கிறான் விடுதிக்காரன். அப்பொழுது குடிவெறியில் குதிரைமேல் உட்காரவும் முடியாமலிருந்த மாவு ஆலைக்காரன், தான் சொல்லாவிட்டால் கூட்டத்தை விட்டே போய்விடுவதாகக் கத்தி, பிரபுவின் கதைக்கு ஈடாகத் தன் கதையைத் தொடங்குகிறான். சமுதாயத்தின் படிக்கட்டு அந்த நொடியில் சரிந்துவிடுகிறது. ஆக்ஸ்போர்டில் கிழத் தச்சன் ஒருவன், அவனுடைய இளம் மனைவி, அவளை விரும்பும் இரண்டு பேர் என்று, பிரபுவின் காவியத்தின் எலும்புக்கூட்டையே எடுத்து அதற்கு வேறு சதை பூட்டியிருக்கிறான் அந்தக் குடிகாரன்.

அந்தக் கதையின் கட்டுமானம் கதாசிரியர்களெல்லாம் படித்துப் பார்க்கத் தக்கது. நோவாவின் காலத்து வெள்ளத்தைக் காட்டிலும் பெரிய பிரளயம் வரப்போகிறதென்று வீட்டில் குடியிருக்கும் மாணவன் நிக்கலஸ் சோதிடம் சொல்ல, தச்சன் அதை நம்பிக் கூரையில் மூன்று தொட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு ஒன்றில் படுத்துத் தூங்குகிறான். இது ஓர் இழை. கோயிற் சிப்பந்தி ஒருவன் அதே வீட்டு ஜன்னலுக்கு வந்து காதல் பாடி அவமானப்பட்டு, கொல்லன் பட்டறையிலிருந்து காய்ச்சிய இரும்போடு திரும்பி வருகிறான். இது மற்றோர் இழை. இரண்டாவதில் நாம் மூழ்கியிருக்கையில் முதலாவதை மறந்தே போகிறோம். சூடுபட்ட நிக்கலஸ் தண்ணீர் தண்ணீர் என்று அலற, மேலே தூங்கிக்கொண்டிருந்த தச்சன் பிரளயம் வந்துவிட்டதென்று கயிற்றை அறுத்துக்கொண்டு தொட்டியோடு கீழே விழும்போது, ஒரே கூக்குரலில் இரண்டு இழைகளும் முடிச்சாகி இறுகிவிடுகின்றன.

கூட்டம் சிரிக்கிறது, ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. பண்ணைக் காரியஸ்தனாகிய ஆஸ்வால்டு இளமையில் தச்சுத் தொழில் கற்றவன். கதை தன்னைக் குறித்தே சொல்லப்பட்டதென்று குமுறிய அவன், கேம்பிரிட்ஜுக்கு அருகேயுள்ள ட்ரம்பிங்டனில் மாவு திருடும் ஓர் ஆலைக்காரனை இரண்டு மாணவர்கள் பழிவாங்கிய கதையைச் சொல்லிக் கடனைத் தீர்த்துக்கொள்கிறான். அந்த மாணவர்கள் வடநாட்டுப் பிள்ளைகளாதலால் அவர்கள் பேச்சில் சாஸர் வடநாட்டுக் கொச்சையை அப்படியே வைத்திருக்கிறார். வட்டார வழக்கை ஹாஸ்யத்துக்காக ஆங்கில இலக்கியத்தில் கையாண்டதற்கு இதைக் காட்டிலும் பழைய உதாரணம் சொல்வது கஷ்டம். இவ்வளவுக்கும் நடுவே கவிஞர் தலையை நீட்டி, மிகுந்த பணிவோடு ஒரு சமாதானம் சொல்கிறார்: அவரவர் சொன்னதை உள்ளபடி திருப்பிச் சொல்லாவிட்டால் விஷயத்துக்குத் துரோகம் செய்தவனாவேன், இத்தகைய கதை வேண்டாதவர்கள் ஏட்டைத் திருப்பி வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். எழுதியவரும் அவரே, எழுதியதற்குத் தாம் பொறுப்பில்லை என்பவரும் அவரே. கைதேர்ந்த சுங்கக் கணக்கர் கையெழுத்துப் போட்டதுபோன்ற ஜாக்கிரதை இது.

பாத் நகரத்துப் பெண்மணி ஆலிசனிடம் வரும்போது இந்த ஜாக்கிரதை வேறொரு பயனைத் தருகிறது. அவள் கதைக்கு முன்னே சொல்லும் சுயசரிதம், கூட்டம் முழுவதையும் அறிமுகப்படுத்தும் பொது முகவுரைக்கு இரண்டே அடி குறைந்து 856 அடிகள் நீள்கிறது. ஐந்து புருஷர்களை மணந்த அவள், கன்னிமையே உயர்ந்ததென்று எழுதிவைத்த ஞானிகளின் வாக்குகளை எடுத்து, அவர்கள் ஆயுதங்களாலேயே அவர்களைத் தாக்குகிறாள். ஐந்தாம் புருஷன் ஜான்கின், துஷ்ட ஸ்திரீகளின் சரித்திரங்களைத் தொகுத்த ஒரு புத்தகத்தை இரவுதோறும் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்ட, பொறுக்கமாட்டாமல் அவள் ஏடுகளைக் கிழிக்கிறாள். அவன் அடித்த அடியில் அவளுக்கு ஒரு காது செவிடாகிறது. சிங்கத்தை மனிதன் வீழ்த்தும் சித்திரத்தை வரைந்தவன் மனிதன்தானே, சிங்கம் வரைந்திருந்தால் எப்படியிருக்கும் என்ற ஈசாப் கதையை நினைவூட்டி, பெண்கள் கதைகள் எழுதியிருந்தால் ஆண்களின் கதி என்னவாயிருக்குமென்று அவள் கேட்கும் கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் பதில் சொல்லக்கூடியவர் எவருமில்லை.

ஆக்ஸ்போர்டு மாணவர் முயன்று பார்க்கிறார். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கிடம் கேட்டதாகக் கூறி, புருஷன் இழைத்த கொடுமைகளையெல்லாம் வாய்திறவாமல் பொறுத்த கிரிசெல்டாவின் கதையை அவர் சொல்கிறார். கிழவயதில் மணந்து ஏமாந்த ஒருவனைப் பற்றி வியாபாரி கசந்துகொண்டு சொல்கிறான். தம்பதிகள் இருவருமே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாழ்ந்ததைப் பற்றி நிலக்கிழார் சொல்கிறார். ஆலிசன் கிளப்பிவிட்ட ஒரு வாதமே இந்தக் கதைகளில் தொடர்ந்து நடக்கிறதென்று, ஹார்வர்டு பேராசிரியர் கிட்ரெட்ஜ் 1912-இல் எழுதிய கட்டுரை சாஸர் படிப்பையே ஒரு புதிய திசைக்குத் திருப்பிவிட்டது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் அவர் சொன்னதில் எவ்வளவோ திருத்தங்கள் செய்திருக்கிறார்கள். ஆனாலும் கதைகளைத் தனித்தனியே பார்க்காமல் ஒன்றுக்கொன்று பதிலாகப் பார்க்கவேண்டும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

சொல்பவனும் கதையும் சேரும்போது உண்டாகும் விபரீதத்துக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவனைப்போல் வேறோர் உதாரணம் இல்லை. பன்றி எலும்பைப் புனிதர்களின் எலும்பென்று காட்டி ஏழைகளிடம் காசு பறிக்கும் தந்திரத்தையெல்லாம் வெட்கமின்றி விவரித்துவிட்டு, பேராசையே பாவங்களுக்கெல்லாம் வேர் என்ற தன் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்குகிறான் அவன். கொள்ளைநோய் காலத்தில், தங்கள் தோழனைக் கொன்ற மரணத்தைக் கொன்றுவிடுவதென்று குடிவெறியில் சபதம் செய்து புறப்படும் மூன்று பேர், வழியில் சாக முடியாமல் அலையும் ஒரு கிழவன் காட்டிய மரத்தடிக்குப் போய்ப் பொற்காசுக் குவியலைக் காண்கிறார்கள். உணவு வாங்கப் போன இளையவன் மதுவில் விஷம் கலந்து வர, காவல் இருந்த இருவர் அவனைக் குத்திக் கொன்றுவிட்டு அந்த மதுவைக் குடித்து மடிகிறார்கள்.

நம்மவர்க்கு இந்தக் கதை எங்கேயோ கேட்டதுபோல் தோன்றினால் அதில் ஆச்சரியமில்லை. பௌத்தர்களின் ஜாதகக் கதைகளில் வேதப்ப ஜாதகம் என்று ஒன்று உண்டு: கொள்ளைக் கூட்டமொன்று புதையலுக்காகத் தமக்குள் வெட்டி மடிய, மிஞ்சிய இருவரில் ஒருவன் காவலிருந்து வாளால் மற்றவனைக் கொல்ல, கொல்லப்பட்டவன் சமைத்துக் கொண்டுவந்த விஷச் சோறு காவலிருந்தவனைக் கொல்கிறது. பாரத தேசத்தில் சோறாக இருந்தது, பல பாஷைகளையும் தேசங்களையும் கடந்து மேற்கே போய்ச் சேர்கையில் மதுவாயிற்று. ஆனால் ஜாதகத்தில் நீதியைச் சொல்பவர் புத்தர். சாஸரிலோ சொல்பவன் தானே பேராசையின் உருவம். மனம் நடுங்கும்படி கதையை முடித்தவன், அடுத்த மூச்சில், தன் தந்திரங்களை இப்பொழுதுதான் கேட்டுமுடித்த அதே கூட்டத்தாரிடமே சீட்டு வாங்கச் சொல்லிக் கையை நீட்டுகிறான்! விடுதிக்காரன் சீறி விழ, வீரப்பிரபு குறுக்கிட்டு இருவரையும் முத்தமிட்டுச் சமாதானமாகச் செய்ய வேண்டியதாகிறது. அயோக்கியன் வாயிலிருந்து வந்ததால் உண்மை பொய்யாகிவிடுமா என்ற கேள்வியைக் கவிஞர் நம் மடியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

இப்படி ஒதுங்கி நிற்கும் கலைக்கு ஓர் ஆபத்தும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கன்னிமாடத் தலைவி சொல்வது, கிறிஸ்தவச் சிறுவன் ஒருவனை யூதர்கள் கொன்றதாகக் கூறும் கொடிய பழிக்கதை. இங்கிலாந்திலிருந்து யூதர்கள் யாவரும் 1290-இலேயே துரத்தப்பட்டுவிட்டார்கள். நூறு ஆண்டுகளாகக் கண்ணால் காணாத ஒரு ஜனத்தின்மேல் வளர்ந்த துவேஷம் அது. பொறியில் அகப்பட்ட எலிக்காகக் கண்ணீர் விடும் ஸ்திரீயின் கருணை எவ்வளவு குறுகியதென்று காட்டுவதற்காகவே கவிஞர் இதை அவள் வாயில் வைத்தார் என்பார் ஒரு சாரார். சாஸருக்கும் தம் காலத்து துவேஷத்தில் பங்கிருந்தது என்பார் மற்றொரு சாரார். கதை முடிந்ததும் கூட்டம் சிறிது நேரம் மௌனமாகிறது, எதிர்க்குரல் எழவில்லை. சொன்னவள் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிட்டுக் கவிஞரை விடுவிக்க என் மனம் இடம் கொடுப்பதில்லை.

அந்த மௌனத்தைக் கலைப்பதற்காக விடுதிக்காரன், தரையில் முயலைத் தேடுகிறவனைப்போல் வரும் பருத்த மனிதர் யாரென்று கேட்டுச் சாஸரையே கதை சொல்ல அழைக்கிறான். அவர் தமக்குத் தெரிந்த ஒரே பாட்டென்று சொல்லி, சர் தோபஸ் என்ற வீரனின் கதையை, காலங்கடந்த ஒரு தெம்மாங்கு மெட்டில், சொத்தைச் சொற்களோடு தொடங்க, காது வலிக்கிறதென்று விடுதிக்காரன் பாதியில் நிறுத்திவிடுகிறான். அத்தனை பேருக்கும் அற்புதமான கவிதையை எழுதிக் கொடுத்தவர், கூட்டத்திலேயே மட்டமான கவிதையைத் தமக்கென்று வைத்துக்கொள்கிறார்! கவிஞர்கள் தங்கள் பெயரை ஈற்றடியில் முத்திரையாகப் பொறித்துக்கொள்வதை அறிந்த நமக்கு இந்த அடக்கத்தின் அருமை நன்றாகவே விளங்கும்.

செய்யுளின் வடிவத்திலும் இந்தப் பங்கீடு நடக்கிறது. பத்து அசையும் ஐந்து அழுத்தமும் கொண்ட அடிகளை இரண்டிரண்டாக ஈற்று இயைபால் பிணைக்கும் வடிவத்தை ஆங்கிலத்தில் நிலைநாட்டியவர் சாஸரே. பெரும்பாலான கதைகள் அதில்தான் ஓடுகின்றன. முதலடியில் பேச்சு நிதானமாக நடந்து வந்து, இரண்டாமடியின் இயைபில் குத்தலோ சிரிப்போ வந்து விழும். கன்னிமாடத் தலைவி, ஆக்ஸ்போர்டு மாணவர் போன்று பக்தியோ துயரமோ தோய்ந்த கதை சொல்பவர்களுக்கு ஏழடிச் செய்யுள். மடத்துத் துறவிக்கு எட்டடி. பங்குக்குருவின் இறுதி உபதேசத்துக்கு உரைநடை.

இந்தச் சந்தமே இடையில் சில நூற்றாண்டுகள் தொலைந்து போயிருந்தது. சாஸருக்குப் பின் ஆங்கில நெடில் உயிர்களின் உச்சரிப்பு முழுதும் புரண்டது. சொற்களின் கடைசியில் மெல்ல ஒலித்த குற்றுயிர் வாயடைத்துப் போயிற்று. ஆகவே 1700-இல் சாஸரைப் புகழ்ந்து புதுக்கிய டிரைடன்கூட, அவருடைய அடிகள் அளவு குறைந்தவை, அந்தக் காலத்துக்கு அவ்வளவுதான் முடியும் என்று நம்பினார். அந்தக் கடைசி உயிரை ஒலித்துப் படித்தால் அடிகள் சரியாக நிற்கும் என்பதை 1775-இல் தாமஸ் டிர்விட் தம் பதிப்பில் நிலைநாட்டினார். ஆதலால் புதிதாகப் படிக்கப் புகுவோருக்கு என் யோசனை ஒன்றே: நெவில் காக்கில் 1951-இல் வெளியிட்ட தற்கால ஆங்கில ஆக்கத்தைப் பொருள் அறிவதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூலத்தை வாய்விட்டுத்தான் படிக்கவேண்டும். எழுத்தில் இருப்பதையெல்லாம் ஒளிக்காமல் உச்சரித்துப் பழகிய தமிழ் நாவுக்கு அது அவ்வளவு கஷ்டமாக இருப்பதில்லை.

மூலம் என்றதும் எந்த மூலம் என்ற கேள்வி எழும். சாஸர் 1400-இல் காலமானபோது காண்டர்பரி கதைகள் முடியாத துண்டுகளாகவே கிடந்தன. கைப்பிரதிகள் எண்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பழையனவான ஹெங்வர்ட் பிரதி வேல்ஸ் தேசிய நூலகத்திலும், ஓவியங்களோடு கூடிய எல்ஸ்மியர் பிரதி கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்திலும் இருக்கின்றன. இரண்டிலும் கதைகளின் வரிசை ஒன்றல்ல. சமையற்காரன் கதை அறுந்து நிற்கும் இடத்தில், சாஸர் இதற்குமேல் எழுதவில்லை என்று ஹெங்வர்ட் பிரதியை எழுதியவர் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார். காக்ஸ்டன் தமது அச்சகத்தை இங்கிலாந்தில் நிறுவிய சில காலத்துக்குள் இதை அச்சிட்டு, பாடம் பிழையானது என்று ஒரு கனவான் எடுத்துக்காட்டியதன்பேரில் 1483-இல் திருத்தி மறுபடியும் அச்சிட்டார்.

கவிதை அப்படியிருக்க, வாழ்க்கை ஆவணங்களும் இன்னும் பேசி முடிந்தபாடில்லை. செசிலி சாம்ப்பெய்ன் என்ற பெண், பலாத்காரத்தையோ கடத்தலையோ குறிக்கக்கூடிய ஒரு குற்றத்திலிருந்து சாஸரை விடுவித்து 1380-இல் பதிவு செய்த பத்திரம், நூறு ஆண்டுகளுக்கு மேல் அவர் பெயரின்மேல் நிழலாகப் படிந்திருந்தது. 2022-இல் யூவன் ரோஜர், செபாஸ்டியன் சொபெக்கி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட புதிய ஆவணங்களிலிருந்து, ஒரு முதலாளியின் ஊழியத்தை விட்டு அந்தப் பெண் சாஸரிடம் வேலைக்கு வந்ததைப் பற்றித் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அந்த முதலாளி தொடுத்த வழக்கில் சாஸரும் அவளும் ஒரே பக்கத்துப் பிரதிவாதிகளாய் இருந்தார்கள் என்று தெரியவந்தது. அறுநூறு ஆண்டுகள் உறங்கிய ஓர் ஏட்டுச் சுருளை ஒருவர் பிரித்துப் பார்க்கிறார். நாம் அறிந்ததாக நினைத்த மனிதர் வேறாகிவிடுகிறார்.

ஹாரி பெய்லி அறிவித்த விருந்து எவருக்கும் கிடைக்கவில்லை. யாத்திரிகர்கள் காண்டர்பரிக்குள் நுழைவதற்கு முன்பே நூல் நின்றுவிடுகிறது. தீர்ப்புச் சொல்லும் உரிமை என்னிடம் வந்தால் அந்த விருந்தைக் கன்னிமாடத் தலைவியோடு வந்த பாதிரியாருக்குத்தான் கொடுப்பேன். மடத்துத் துறவி அடுக்கிக்கொண்டே போன சோகக் கதைகளைக் கேட்க முடியாமல் வீரப்பிரபு நிறுத்திய பிறகு, மெலிந்த குதிரையில் வரும் இந்தப் பாதிரியாரை விடுதிக்காரன் மரியாதையில்லாமல் கூப்பிடுகிறான். அவரோ முகம் கோணாமல், ஒரு ஏழை விதவையின் முற்றத்துச் சேவலைப் பற்றிச் சொல்கிறார். தான் கண்ட கெட்ட கனவைச் சேவல் சொல்ல, அஜீரணமாயிருக்கும், பேதிக்குச் சாப்பிடுங்கள் என்கிறது பெட்டை. சேவல் பழைய சாஸ்திரங்களிலிருந்தெல்லாம் மேற்கோள் காட்டிக் கனவு பலிக்குமென்று வாதில் வென்றுவிட்டு, பெட்டையின் அழகில் மயங்கித் தன் வாதத்தையே மறந்து கீழே இறங்கிவருகிறது. தந்தையைப்போல் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாயா என்று நரி முகஸ்துதி செய்ய, பாடுவதற்குக் கண்ணை மூடிக் கழுத்தைக் கொடுத்துவிடுகிறது. நரியைத் துரத்தி ஊரே கூச்சலிட்டு ஓடும் அமளிக்கு உவமையாக, 1381-ஆம் ஆண்டின் குடியானவர் கிளர்ச்சியில் ஜாக் ஸ்ட்ராவின் ஆட்கள் எழுப்பிய கூக்குரல் வருகிறது. அந்தக் கிளர்ச்சிக்காரர்களில் ஒரு சாரார் நகரத்துக்குள் நுழைந்தது சாஸர் குடியிருந்த ஆல்ட்கேட் வாசல் வழியாகத்தான். அதற்கு அவர் இந்தக் கதைகளில் கொடுத்த இடம் ஒரு கோழித் திருட்டின் ஓரம்.

இந்தப் பாதிரியாருக்குப் பொது முகவுரையில் சித்திரமே கிடையாது. தலைவியோடு பாதிரிமார் வந்தார்கள் என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு, அவ்வளவே. அவர் முகம் எப்படி, உடை என்ன, ஒன்றும் நமக்குத் தெரியாது. ஆயினும் கதையைக் கேட்டு முடிக்கையில், அவருடைய கல்வியும், தளுக்கில்லாத சிரிப்பும், எஜமானியாக ஒரு ஸ்திரீ பக்கத்தில் வருகிறாளே என்ற உஷாரும், சித்திரம் பெற்ற பலரைக் காட்டிலும் நமக்கு அத்துபடியாகிவிடுகின்றன. பெண்களின் யோசனையைக் கேட்டதால் உலகத்துக்கு விளைந்த தீமைகளை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று சுதாரித்துக்கொண்டு, இதெல்லாம் சேவலின் வார்த்தைகள், என்னுடையவை அல்ல என்று நழுவுகிறார். சேவலின்மேல் பாதிரி பழியைப் போடுகிறார். பாதிரியின்மேல் சாஸர் போடுகிறார். அந்த ஓர் இடத்தை வாய்விட்டுப் படித்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டவருக்குச் சாஸர் படிப்பில் பாதிக்குமேல் வந்துவிட்டதென்று நான் சொல்லுவேன்.